கற்காரையில் பீங்கான் கழிவு ஜல்லி

பீங்கான் கழிவு ஜல்லி என்பது உடைந்த தரை டைல், சுவர் டைல், கழிப்பறைக் கோப்பை, கைகழுவும் தொட்டி, மின்காப்பான் போன்ற பீங்கான் பொருள்களை நொறுக்கிச் சலித்துப் பெறப்படும் கட்டுமானப் பொருளாகும். கற்காரை (கான்கிரீட்) கலவையில் கருங்கல் ஜல்லியின் ஒரு பகுதிக்கோ மணலின் ஒரு பகுதிக்கோ மாற்றாக இது சேர்க்கப்படுகிறது. பீங்கான் மட்காது, ஒருமுறை சுட்டபின் அதை மீண்டும் களிமண்ணாக்கவும் முடியாது. உடைந்துவிட்டால் அது பெரும்பாலும் குப்பை மேட்டுக்கோ, குளக்கரைக்கோ, சாலையோரப் பள்ளத்துக்கோ போகிறது. அதே பீங்கானில் ஒரு வகை கருங்கல் ஜல்லிக்கு ஈடாக உழைக்கிறது. இன்னொரு வகை கலவையின் நீர்க் கணக்கையே மாற்றிவிடுகிறது. எனவே இந்தத் தொழில்நுட்பத்தில் நொறுக்குவதை விட, வகை பிரிப்பதே முதன்மையான வேலை.

## கற்காரையில் ஜல்லியின் இடம்

கற்காரை என்பது சிமென்ட், நீர், மணல், ஜல்லி ஆகியவற்றின் கலவை. மணலும் ஜல்லியும் சேர்ந்து திரள்பொருள் எனப்படும். மணல் நுண்திரள், 4.75 மி.மீ. சல்லடையில் தங்கும் ஜல்லி பருந்திரள். கற்காரையின் கன அளவில் ஏறத்தாழ 60 முதல் 75 சதவீதம் வரை திரள்பொருளே. வீடுகளுக்குப் போடும் சாதாரணக் கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,100 கிலோ ஜல்லி தேவைப்படும்.

திருச்சிராப்பள்ளி போன்ற நகரத்தில் இந்தத் தேவை இரு பக்கமும் அழுத்துகிறது. ஜல்லியும் எம்-சாண்டும் கருங்கல் பாறையை வெடிவைத்து உடைத்து வருபவை. ஆற்று மணலோ காவிரியும் கொள்ளிடமும் படியவிட்டது. எடுக்கும் வேகத்தில் அது திரும்பச் சேர்வதில்லை. மாற்றுப் பொருள் தேடும் ஆய்வுகளுக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

## பழைய வழக்கம்

சுட்ட மண்ணைக் கட்டுமானக் கலவையில் சேர்ப்பது நமக்குப் புதிதன்று. சுண்ணாம்புடன் கலந்து சாந்தாக்கப் பயன்படும் சுட்ட செங்கல் பொடிக்குச் சுர்க்கி என்று பெயர். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவை பயன்படுத்தப்பட்டது. மொட்டை மாடியில் நீர் இறங்காமலிருக்கச் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து, அதன்மேல் தட்டோடு பதிக்கும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இடிந்த நகரங்களைத் திரும்பக் கட்டியபோது, ஜெர்மனி செங்கல் இடிபாட்டு ஜல்லியில் கற்காரை செய்தது. அதற்கென 1951இல் தனித் தரநிலையும் வெளியிட்டது.

செங்கல்லுக்கும் இன்றைய பீங்கானுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. செங்கல் குறைந்த வெப்பத்தில் சுடப்படுவது, நுண்துளைகள் மிகுந்தது. போர்சலின் வகைப் பீங்கான் 1,200° செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலோ சுடப்படுகிறது. அந்த வெப்பத்தில் களிமண்ணுடன் சேர்ந்த பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடி போலாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. கடினமும் நீர் உறிஞ்சாத தன்மையும் இதனால் வருகின்றன.

## கழிவின் வகைகள்

கடைப் பேச்சில் எல்லாமே டைல்ஸ் அல்லது பீங்கான்தான். கற்காரைக்கு வரும்போது அவற்றை நீர் உறிஞ்சும் அளவைக் கொண்டு பிரிக்க வேண்டும்.

1. மின்காப்பான்: மின்கம்பங்களிலும் துணைமின் நிலையங்களிலும் பயன்படும் கெட்டிப் பீங்கான். அடர்த்தியானது; நீர் உறிஞ்சுவது மிகக் குறைவு. கனத்த துண்டாக இருப்பதால் உடைத்தால் நல்ல வடிவத்தில் ஜல்லி கிடைக்கும்.

2. கழிப்பறைப் பீங்கான்: கோப்பை, தொட்டி முதலியவை. இதுவும் நன்கு சுடப்பட்ட அடர்ந்த பொருள். மேலே கண்ணாடிப் பூச்சு உண்டு.

3. விட்ரிஃபைடு தரை டைல்: தரப்படி நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. சாதாரணக் கருங்கல் ஜல்லியும் ஏறத்தாழ இதே அளவில்தான் உறிஞ்சும்.

4. சுவர் டைல்: சுவரில் எளிதாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் வேண்டுமென்றே துளைகளுடன் செய்யப்படுகிறது. நீர் உறிஞ்சல் 10 சதவீதத்துக்கு மேல்.

5. ஓடு, செங்கல்: 15 முதல் 20 சதவீதம் வரை உறிஞ்சக்கூடியவை.

ஒரே குளியலறையை இடித்தாலே இவற்றில் மூன்று வகைகள் கிடைத்துவிடும். தரையில் விட்ரிஃபைடு, சுவரில் துளையுள்ள டைல், மூலையில் பீங்கான் கோப்பை. மூன்றையும் ஒரே சாக்கில் கட்டி அனுப்பினால், கிடைக்கும் ஜல்லியின் பண்பு சாக்குக்குச் சாக்கு மாறும்.

## ஆய்வுகள் கண்டவை

இத்துறையில் உலக அளவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டு ஆய்வாளர்களுடையது. செந்தாமரை, தேவதாஸ் மனோகரன் ஆகியோர் மின்காப்பான் ஆலைக் கழிவை ஜல்லியாக்கிச் செய்த சோதனைகளை 2005இல் வெளியிட்டனர். பீங்கான் ஜல்லியிட்ட கற்காரையின் அமுக்க வலிமை, இழு வலிமை, வளை வலிமை, மீள்தன்மைக் கெழு ஆகியவற்றைக் கருங்கல் ஜல்லியிட்டதுடன் ஒப்பிட்டார்கள். வலிமைப் பண்புகள் ஒப்பிடத்தக்க அளவில் இருந்தன. கலவையைக் கையாளுவதும் எளிதாக இருந்தது.

2011இல் வெளிவந்த தொடர் ஆய்வு, நீடித்து உழைக்குமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. நீர்–சிமென்ட் விகிதம் 0.35 முதல் 0.60 வரையுள்ள கலவைகளில் நீர் உறிஞ்சலும் குளோரைடு ஊடுருவலும் அளக்கப்பட்டன. பீங்கான் கற்காரையின் ஊடுருவும் தன்மை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், போக்கு வழக்கமான கற்காரையைப் போலவே இருந்தது. நீர்–சிமென்ட் விகிதம் ஏற ஏற இரண்டிலும் ஊடுருவல் ஏறியது.

ஸ்பெயினில் 2012இல் வெளியான ஆய்வொன்று, கழிப்பறைப் பீங்கானைப் பருந்திரளில் 15 முதல் 25 சதவீதம் வரை சேர்த்து, வலிமை குறையவில்லை, சற்றுக் கூடவும் செய்தது என்று காட்டியது. போலந்து ஆய்வாளர்கள் கழிப்பறைப் பீங்கானை அலுமினா சிமென்டுடன் சேர்த்து உயர் வெப்பம் தாங்கும் கற்காரை செய்தனர். ஜப்பானில் 2009இல் நேர்மாறான வழி எடுத்தார்கள்: துளையுள்ள பீங்கான் கழிவை நனைத்துக் கலந்து, அது பிடித்துவைத்த நீரை உள்ளிருந்தே கற்காரைக்கு ஊட்டும்படி செய்தார்கள். உயர் வலிமைக் கலவைகள் தொடக்கத்தில் சுருங்குவது இதனால் குறைந்தது.

இவை ஒவ்வொன்றிலும் பயன்பட்டது ஒரே வகைக் கழிவு, ஒரே மூலத்திலிருந்து வந்தது. நகரத்துக் கலப்புக் கழிவுக்கு இந்த முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது.

## நீர்க் கணக்கு

துளையுள்ள டைல் கலவையில் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

ஒரு கன மீட்டர் கற்காரையில் 1,100 கிலோ ஜல்லி எனக் கொள்வோம். அதில் கன அளவில் 20 சதவீதத்தை மாற்றினால், விலக்கப்படும் கருங்கல் 220 கிலோ. சுவர் டைல் கருங்கல்லை விட எடை குறைந்தது என்பதால், அதே இடத்தை நிரப்ப ஏறத்தாழ 163 கிலோ போதும். அது 12 சதவீதம் நீர் உறிஞ்சும் எனில், உள்ளே இழுக்கும் நீர் ஏறத்தாழ 20 லிட்டர். 20 மி.மீ. ஜல்லிக் கலவைக்கு இந்தியக் கலவை வடிவமைப்பு நெறி தொடக்கமாக எடுத்துக்கொள்ளும் நீரின் அளவு 186 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் டைலுக்குள் போய்விடுகிறது. அதே இடத்தில் விட்ரிஃபைடு டைலைப் போட்டால் உறிஞ்சப்படுவது ஏறத்தாழ 1 லிட்டர்.

இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படும். கட்டிட வேலையிடத்தில் கலவை இறுகிப்போகும்; உடனே குழாயைத் திறந்து நீரைச் சேர்ப்பார்கள்; எவ்வளவு சேர்ந்தது என்பதற்குக் கணக்கிருக்காது; வலிமை குறையும். ஆய்வகத்தில் இதற்கு மாறாக நடக்கும். உலர்ந்த டைல் நீரை உறிஞ்சிவிடுவதால் சிமென்டுக்கு மிஞ்சும் நீர் குறைந்து, கனசதுரத்தின் வலிமை கூடுதலாகத் தெரியும். அந்தக் கூடுதல் டைலால் வந்ததன்று. நீர் குறைந்ததால் வந்தது. ஆகவே துளையுள்ள கழிவை 24 மணி நேரம் ஊறவைத்து, மேற்பரப்பு ஈரத்தைத் துடைத்து எடுத்த நிலையில் கலப்பதும், உறிஞ்சலை நீர்க் கணக்கில் தனியே காட்டுவதும் கட்டாயம்.

எடைக்கு எடை மாற்றுவதும் தவறான முடிவைத் தரும். 220 கிலோ கருங்கல்லுக்கு 220 கிலோ சுவர் டைல் போட்டால், ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 28 லிட்டர் இடம் கூடுதலாக அடைபடும்; அந்த அளவுக்குச் சாந்தின் பங்கு குறையும். கன அளவில் மாற்றுவதே சரி.

## வடிவமும் பிணைப்பும்

டைலின் தடிமன் பெரும்பாலும் 7 முதல் 10 மி.மீ. அதை முக்கால் ஜல்லி அளவுக்கு, அதாவது 20 மி.மீ. அளவுக்கு உடைத்தால் தட்டையான சில்லுகளே கிடைக்கும். தட்டைச் சில்லுகள் கலவையில் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, அடியில் நீரையும் காற்றையும் சிறைப்படுத்தும். ஐ.எஸ். 383 தரநிலை தட்டைத்தன்மையும் நீள்தன்மையும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. டைலைப் பொறுத்தவரை 10 அல்லது 12 மி.மீ. அளவுக்குச் சிறிதாக உடைத்து, பெரிய அளவைக் கருங்கல்லுக்கே விட்டுவிடுவது இதற்கு எளிய தீர்வு.

பளபளப்பான பூச்சு மற்றொரு சிக்கல். சிமென்ட் பசை சொரசொரப்பான முகத்தைப் பற்றிக்கொள்வது போல் கண்ணாடிப் பூச்சைப் பற்றாது. மின்காப்பான், கழிப்பறைப் பீங்கான் ஆகியவற்றில் உடைந்த முகங்கள் மிகுதி என்பதால் பாதிப்பு குறைவு. டைலிலோ ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகம் வழவழப்பாக இருக்க வாய்ப்புண்டு.

## கலப்படமும் வேதி விளைவும்

கழிப்பறைப் பீங்கான் ஆலைகளில் களிமண் கூழை வார்ப்பதற்குப் பாரிஸ் சாந்து அச்சுகள் பயன்படுகின்றன. தேய்ந்த அச்சுகளும் உடைந்த பீங்கானும் ஒரே குவியலில் சேர்வதுண்டு. பாரிஸ் சாந்து என்பது ஜிப்சம். அது கற்காரைக்குள் போனால் சிமென்டிலுள்ள அலுமினேட்டுடன் வினைபுரிந்து விரிவடைந்து, காலப்போக்கில் வெடிப்பை உண்டாக்கும். கற்காரையில் உள்ள மொத்த சல்பேட் சிமென்ட் எடையில் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஐ.எஸ். 456 வரம்பிடுகிறது. வீட்டு இடிபாட்டில் வரும் பொய்க்கூரைப் பலகையாலும் இதே கேடு வரும்.

பீங்கானில் கண்ணாடிப் பகுதி உண்டு என்பதால், சிமென்டின் காரத்துடன் அது மெல்ல வினைபுரிந்து வீங்குமா என்பதையும் சோதிக்க வேண்டும். புதிய மூலத்திலிருந்து வரும் கழிவை நிலைத்த கட்டுமானத்தில் பயன்படுத்துமுன் இச்சோதனையைத் தவிர்க்கக்கூடாது. அதே கண்ணாடித்தன்மை மாவாக அரைத்தால் நன்மையாகிறது: நுண்ணிய பீங்கான் மாவு சுர்க்கியைப் போலவே சுண்ணாம்புடன் வினைபுரிந்து பிணைப்புப் பொருளாகிறது.

## தரநிலையும் விதிகளும்

2016இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383, பாறையிலிருந்து வராத திரள்பொருள்களுக்கும் முதன்முறையாக விரிவான இடம் கொடுத்தது. இரும்பு, எஃகு, செம்புக் கசடுகள், பழைய கற்காரை ஜல்லி, மறுசுழற்சி ஜல்லி ஆகியவை அதில் வருகின்றன.

பழைய கற்காரையை மட்டும் உடைத்துப் பெற்ற ஜல்லியை, சாதாரணக் கற்காரையில் 25 சதவீதம் வரையிலும், எம் 25 வரையிலான கம்பி கட்டிய கற்காரையில் 20 சதவீதம் வரையிலும் சேர்க்கலாம். செங்கல், டைல், கல் எல்லாம் கலந்த இடிபாட்டு ஜல்லிக்கு இந்தச் சலுகை இல்லை. எம் 15க்குக் கீழான மெலிந்த கற்காரையில் மட்டுமே அதற்கு அனுமதி. ஆலையிலிருந்து பிரித்தெடுத்து வரும் தூய பீங்கான் கழிவுக்கு 2016 பதிப்பில் தனித் தலைப்பு இல்லை. ஆய்வகம் சொல்வதற்கும் தரநிலை அனுமதிப்பதற்கும் உள்ள இடைவெளி இதுதான்.

கட்டிட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், 2016இன்படி, நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேலோ ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேலோ கழிவு தருபவர்கள் அதைக் கற்காரை, மண், எஃகு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–சாந்து என நான்காகப் பிரிக்க வேண்டியிருந்தது. பீங்கானுக்கு அதில் தனி வரிசை இருக்கவில்லை. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களின் மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. தெருவில் ஒரு வீட்டின் குளியலறையைப் புதுப்பிப்பவர் இந்த வரம்புக்கு வெளியே இருக்கிறார். டைல் கழிவின் பெரும் பங்கு இப்படிச் சிறுசிறு வேலைகளில்தான் சிதறிக் கிடக்கிறது.

## எங்கே பொருந்தும்: ஒரு பேருந்து நிலையக் கணக்கு

திருச்சி மலைக்கோட்டைக்கு அருகிலுள்ள சத்திரம் பேருந்து நிலையம், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டு 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கே பீங்கான் ஜல்லி பயன்பட்டது என்பதற்காக அதை இங்கே குறிப்பிடவில்லை. ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்கோவிலுக்கும் ஓயாமல் பேருந்துகள் வந்து போகும் அத்தகைய இடத்தில் எல்லா வகைக் கற்காரையும் இருக்கும் என்பதால், எந்தக் கழிவு எங்கே பொருந்தும் என்று விளக்க அது வசதியான எடுத்துக்காட்டு.

பேருந்து நின்று திரும்பும் தளம் சக்கரத் தேய்மானத்தைத் தாங்க வேண்டிய பரப்பு. அங்கு இடும் ஜல்லியின் மோதல் மதிப்பு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கலப்பு டைல் ஜல்லிக்கு அங்கு இடமில்லை. தூண், உத்திரம், கூரைத் தளம் ஆகியவை கம்பி கட்டியவை. அங்கும் தரநிலை அனுமதிக்கவில்லை. நடைமேடைத் தரைக்கு அடியில் இடும் மெலிந்த கற்காரைப் படுகை, வடிகாலுக்கு அடியில் சமன்செய்யும் படுகை போன்றவைதாம் கலப்புக் கழிவுக்கு இன்று உரிய இடங்கள்.

அளவையும் பார்க்கலாம். 1,000 சதுர மீட்டர் தரைக்கு அடியில் 100 மி.மீ. தடிமனில் படுகை போட்டால் 100 கன மீட்டர் கற்காரை வேண்டும். அதன் ஜல்லி முழுவதும் டைலாக இருக்க, துளையில்லாக் கணக்கில் ஏறத்தாழ 41 கன மீட்டர் டைல் தேவை. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரத்துக்குச் சுவர் டைல் உள்ள ஒரு குளியலறை தருவது 0.115 கன மீட்டர். ஆக, இந்த ஒரு படுகைக்கு ஏறத்தாழ 350 குளியலறைகளின் டைல் வேண்டும். நொறுக்கும்போது தூளாகிப் போவதைச் சேர்த்தால் 400க்கு மேல். ஒரு நகரம் இதைத் தொடர்ந்து திரட்ட வேண்டுமானால், வார்டுதோறும் டைலுக்கென ஒரு சேகரிப்பு இடம் இல்லாமல் முடியாது.

## தூரமும் கார்பனும்

இந்தியப் பீங்கான் உற்பத்தியின் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் நடக்கிறது. தமிழ்நாட்டில், நெய்வேலிப் பகுதிக் களிமண்ணைச் சார்ந்து வளர்ந்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இராணிப்பேட்டையிலும் கழிப்பறைப் பீங்கான் ஆலை வளர்ந்தது. ஆலைக்கழிவை அந்தந்த ஊரின் சுற்றுவட்டாரத்திலேயே பயன்படுத்துவது சிக்கனம். ஜல்லி எடை மிகுந்த, விலை குறைந்த பொருள். நெடுந்தொலைவு லாரியில் கொண்டுவந்தால் வாடகையும் டீசல் புகையும் ஆதாயத்தைத் தின்றுவிடும்.

இதனால் கரியமில வாயு பெரிதும் குறையும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. கற்காரையின் கரியமில வாயுவில் பெரும்பங்கு சிமென்டிலிருந்து வருகிறது. ஜல்லியை மாற்றுவதால் அது குறையாது. வலிமை இறங்கியதை ஈடுகட்டக் கூடுதலாக ஒரு மூட்டை சிமென்ட் போட்டால் நிலைமை மோசமாகும். பீங்கான் ஜல்லியின் உண்மையான பயன், உடைபடாமல் மிஞ்சும் பாறையும், நிரம்பாமல் மிஞ்சும் பள்ளமும் குளமும்தான்.

## தொழிலாளர் பாதுகாப்பு

பீங்கானில் குவார்ட்ஸ் உண்டு. அதை உலர்ந்த நிலையில் நொறுக்கும்போது எழும் நுண்தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். அதைக் குணப்படுத்த முடியாது. நீர் தெளித்து நொறுக்குதல், தூசி உறிஞ்சும் கருவி, பொருத்தமான முகக்கவசம் ஆகியவை தேவை. துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. சில்லுகளின் விளிம்பு கண்ணாடி போல் வெட்டும் என்பதால் கையுறையும் வேண்டும்.

## மாணவர் ஆய்வுகளுக்கு

பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இத்தலைப்பை அடிக்கடி எடுக்கின்றனர். அவர்களது முடிவுகள் பிறருக்குப் பயன்பட, கீழ்க்கண்டவற்றைப் பதிவுசெய்வது நல்லது.

1. கழிவின் வகையும் அது வந்த இடமும். "டைல் கழிவு" என்று மட்டும் எழுதுவது போதாது.
2. ஐ.எஸ். 2386 முறைப்படி நீர் உறிஞ்சல், ஒப்படர்த்தி, தட்டைத்தன்மை, நொறுங்கு மதிப்பு, மோதல் மதிப்பு.
3. மாற்றியது எடையிலா கன அளவிலா, ஊறவைத்தா உலர்ந்தா.
4. எல்லாக் கலவைகளிலும் உறிஞ்சல் நீங்கலான நீர்–சிமென்ட் விகிதம் ஒன்றாக இருந்ததா.
5. 28 நாள் அமுக்க வலிமையுடன், குறைந்தது ஒரு நீடிப்புத்திறன் சோதனை.

28 நாளில் உடைக்கும் 150 மி.மீ. கனசதுரம் வலிமையை மட்டுமே சொல்லும். ஜிப்சமும் கார வினையும் தம் வேலையைக் காட்டச் சில ஆண்டுகள் ஆகும். கட்டிடத்தில் மனிதர் குடியிருக்கப்போவதோ பல பத்தாண்டுகள். தனித் தலைப்பில் பீங்கான் ஜல்லிக்கு ஒரு தரநிலை வரவேண்டுமானால், வகை பிரித்துச் செய்த இத்தகைய நீண்டகாலப் பதிவுகளே அதற்கு அடிப்படையாக அமையும்.